அவள் காதின் உயரம்

உட்கார்ந்திருக்கும்போது உன் காது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று என் மனைவியிடம் டெலிபோனில் கேட்டேன். இத்தாலியில் அப்போது மதியச் சாப்பாடு முடிந்திருந்த நேரம், எங்களுக்கு அந்தி. அவள் அங்கே பராமரிக்கும் வயதான பெண்மணி பக்கத்து அறையில் கண்ணயர்ந்திருந்தார். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்கு என்னோடு பேசக் கிடைக்கும். அதையும் ரகசியம் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவாள்.

"என்னது?"

"காது. கதிரையில நேரா ஒக்காந்தா ஒன் காது எவ்வளவு ஒசரத்துல இருக்கும்?"

"ஒங்களுக்கு என்ன ஆச்சு? காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்ல. அளந்து சொல்லு."

"காத யாருங்க அளப்பாங்க? இங்க நாடாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நோனா முழிச்சிருவாங்க, வைக்கிறேன்."

வைத்துவிட்டாள். நோனா என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வழக்கம்போல் சுர்ரென்று ஏறியது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

காதின் உயரம் எதற்கென்றால், பாட்டுக் கேட்க. கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் எங்கள் வீட்டு முன்னறையில் ஐந்து ஒலிபெருக்கிப் பெட்டிகள் இருக்கின்றன. இங்கே எல்லோரும் அவற்றைப் பஃபல் என்பார்கள். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அடித்தொண்டைச் சத்தத்துக்கென்று மூலையில் கனத்த பெட்டி இன்னொன்று. இவற்றை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் யப்பானில் யாரோ பாவித்துக் கழித்தது. அப்படிப்பட்ட சாமான்களைக் கொண்டுவந்து விற்கும் கண்டி டவுன் கடையொன்றில் வாங்கினேன். அதன் சின்னத் திரையில் வருவதெல்லாம் யப்பான் எழுத்து. நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். சிங்களத்தில் வரும் கடிதங்களைத் தமிழாக்குவது என் தொழில். யப்பான் எழுத்து மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கூரை போட்ட எழுத்து வந்தால் ஒலியளவு, ஏணி மாதிரி வந்தால் எல்லாவற்றையும் அழித்துவிடும் என்று படம் பார்த்துப் பழகிக்கொண்டேன்.

அந்தச் சாமானோடு கைக்குள் அடங்கும் ஒரு மைக்கும் வந்தது. கேட்பவரின் காது எங்கே இருக்குமோ அங்கே அதை வைத்துவிட்டு ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். ஐந்து பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கீச்சிடும். மைக் அதைக் கேட்டு, எந்தப் பெட்டி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கண்டுபிடித்து, எல்லாச் சத்தமும் ஒரே கணத்தில் அந்தக் காதுக்கு வந்து சேரும்படி ஒழுங்கு பண்ணிவிடும். கடைக்கார முஸ்லிம் நானா இதை விளங்கப்படுத்தும்போதே எச்சரித்தார்.

"ஒரு எடத்துக்குத்தான் சரியா வரும் சேர். அந்தக் கதிரையில ஈக்கிறவருக்குத்தான் பாட்டு. மத்தவங்களுக்கு சும்மா சத்தம்."

"கேக்கப்போறது நான் ஒருத்தன்தான்" என்றேன்.

"அப்ப பிரச்சினையே இல்ல" என்றார் சந்தோஷமாக. வியாபாரிக்கு வாடிக்கையாளரின் தனிமை ஒரு வசதி.

அளக்கும்போது வெளிச் சத்தம் எதுவும் இருக்கக்கூடாது என்பது விதி. எங்கள் மலையில் சத்தமில்லாத நேரத்தைத் தேடிப் பிடிப்பது லேசான காரியமல்ல. விகாரையில் பிரித் ஓதி முடியும்போது பள்ளிவாசலில் பாங்கு தொடங்கும், அது ஓய்ந்தால் எங்கள் மாதா கோயில் மணி. இவை மூன்றும் தூங்கும் நேரம் பார்த்து, பாண் ரொட்டி விற்கும் ஆட்டோ தன் ஒரே மெட்டை இசைத்துக்கொண்டு ஏற்றத்தில் ஏறும். கூரையில் குரங்குகள் வேறு. முதல் தடவை அளந்தபோது மைக் பாண்காரனின் மெட்டையும் சேர்த்துக் கேட்டுவிட்டு, பின்பக்க இடது பெட்டி பல மைல் தள்ளிக் குண்டசாலையில் இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டது போலும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிழமையாகக் காட்டுக் கத்தல். பிறகு ஒரு மழை நாளில், மழை விட்டுக் குரங்குகள் இறங்கிவருவதற்கு முன் கிடைத்த இடைவெளியில் அளந்து முடித்தேன்.

அதற்குப் பிறகு என் சனிக்கிழமைப் பின்னேரங்கள் மாறிப்போயின. பாட்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கிக் கேட்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. ஆல்பம் என்றால் முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும், நடுவில் எழும்பிப் போகக்கூடாது. டெலிபோனைக் குசினியில் வைத்துவிட்டு, ஜன்னல்களை அடைத்து, தட்டை எடுத்துத் துடைப்பேன். இந்த ஊர் ஈரத்துக்கு எதில்தான் பூஞ்சணம் பிடிக்காது? சப்பாத்தில் பிடிக்கும், அலுமாரியில் பிடிக்கும், இசைத்தட்டிலும் பிடிக்கும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தால் போய்விடும்.

பழைய படப் பாடல்களைச் சுற்றொலிக்கென்று புதிதாகக் கலந்து வெளியிட்ட தட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அந்தப் பாட்டுகளையெல்லாம் சிறுவயதில் பன்வில பஸ்ஸில், டிரைவரின் தலைக்கு மேலிருந்த ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறேன். அப்போது பாடுகிறவரின் குரலும், பின்னால் ஏதோ இரைச்சலும்தான் கேட்கும். இப்போது கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினால் அந்த இரைச்சல் ஆள் ஆளாகப் பிரிகிறது. வயலின்காரர்கள் எனக்குப் பின்னால் அரைவட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். இடப்பக்கம் தபேலா. சரணத்துக்கு முன்னால் புல்லாங்குழல்காரர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்கிறது. இத்தனை பேரும் அந்தப் பஸ்ஸில் என்னோடு வந்திருக்கிறார்கள், எனக்குத்தான் தெரியவில்லை. முதல் தடவை கேட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கப்பட ஒன்றுமில்லை, பார்க்க யாரும் இல்லையே.

இன்னொன்று ஏதோ ஒரு வெளிநாட்டில், சிறிய மண்டபமொன்றில், சனங்களுக்கு முன் வாசித்துப் பதிவான ஜாஸ் ஆல்பம். முன்னால் பியானோ, பெரிய வயலின் மாதிரி ஒன்று, டிரம்ஸ். பின்னால் சனங்கள். இரண்டாவது உருப்படி முடிந்து கைதட்டல் அடங்கியதும், வலது பின்பக்கத்தில் ஒருவர் இருமுவார். அடக்கிக்கொண்ட இருமல். பக்கத்தில் மனைவி இருக்கிறாள், முறைத்திருப்பாள், அதனால்தான் அடக்குகிறார் என்று நினைத்துக்கொள்வேன். நாளாக நாளாகப் பியானோவை விட்டுவிட்டு அந்த இருமலுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். ஒருநாள் வாய்விட்டு, "மருந்து எடுக்கலியா?" என்று கேட்டும்விட்டேன். கேட்ட பிறகுதான் என் நிலைமை எனக்கே விளங்கியது. வாரம் தவறாமல் என் வீட்டுக்கு வருகிற ஒரே ஆள் அவர்தான்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். படித்து, கண்டியில் பாலர் பாடசாலையொன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு மேல்தட்டுப் போட வேண்டும், இரண்டே வருடம் என்று சொல்லிவிட்டு இத்தாலிக்குப் போனாள். மேல்தட்டும் போட்டாகிவிட்டது. அங்கே இப்போது ஒரு கட்டிலும், உடுப்புக் காயப்போடும் கொடியும் இருக்கின்றன. இரண்டு வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. ஏதாவது ஒரு வருடம் லீவு கிடைக்கும், வருவாள், போவாள். மற்ற நாட்களில் அந்தத் தாழ்ந்த குரல் மட்டும்தான் எனக்கு. அவள் சத்தமாகப் பேசினால் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

இனி நோனா. இங்கே நோனா என்றால் எஜமானி. பெரிய வீட்டு அம்மாவைச் சிங்களத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். தோட்டத்தில் கைகட்டி நின்ற வாழ்க்கையிலிருந்து தட்டுத் தடுமாறிப் படித்து மேலே வந்தவள், கடல் தாண்டிப் போய் ஒரு வெள்ளைக்காரியை நோனா, நோனா என்று அழைப்பதைக் கேட்க எனக்குப் பொறுக்காது. நோனாவுக்குச் சூப் கொடுத்தேன், நோனா இன்றைக்குக் கோபம், நோனாவைக் குளிப்பாட்ட வேண்டும். ஒரு தடவை கேட்டேன், அந்த மனுசிக்குப் பேர் கீர் இல்லையா என்று.

"வயசானவங்களப் பேர் சொல்லியா கூப்பிடுறது?" என்றாள்.

பழக்கம் இரத்தத்தில் ஊறிப்போய்விட்டது என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டு சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்கு நன்றாக வரும்.

இந்தத் தடவை லீவில் வருபவள் திரும்பிப் போகக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஆனால் அதை வாயால் கேட்க என்னால் முடியவில்லை. அவள் போனதால் எழும்பிய வீட்டில் இருந்துகொண்டு, போனது போதும் என்று எந்த முகத்தோடு சொல்வது? கேட்டு, அவள் முடியாது என்று சொல்லிவிட்டால் பிறகு அந்தப் பதிலோடு நான் தனியாக இருக்க வேண்டும். அதனால் பாட்டுச் சொல்லட்டும் என்று தீர்மானித்தேன். அவள் எங்கள் கோயில் பாடகர் குழுவில் பாடியவள், நல்ல குரல். அந்தக் கதிரையில் அவளை உட்கார்த்தி வைத்து, ஐந்து பக்கமும் குரல்கள் வந்து சூழும்படி செய்தால், இந்த வீட்டை விட்டு எழும்பிப் போக அவளுக்கு மனம் வராது என்று நம்பினேன். ஐம்பது வயதைத் தாண்டிய மனுசன் இப்படி நினைப்பானா என்று கேட்டால், தனியாக இருந்து பாருங்கள், நீங்களும் நினைப்பீர்கள்.

அதற்குத்தான் காதின் உயரம். என் காதுக்கு அளந்து வைத்தது அவளுக்குச் சரிவராது. அவள் என்னைவிடக் குட்டை. எவ்வளவு குட்டை என்று யோசித்தால் நினைவில் அவள் எப்போதும் நின்றுகொண்டோ, நடந்துகொண்டோதான் இருந்தாள். உட்கார்ந்திருந்த அவளை நினைவிலிருந்து எடுக்க முடியவில்லை. கடைசியில் கல்யாணப் படத்தைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். அதில் இருவரும் ஒரே மாதிரிக் கதிரைகளில் உட்கார்ந்திருக்கிறோம். அவளுடைய தோடு என் தோளுக்குச் சற்று மேலே தெரிகிறது. நான் கதிரையில் உட்கார்ந்து, என் தோள் எட்டிய இடத்தைச் சுவரில் பென்சிலால் கோடிட்டு, அகராதிகளை அடுக்கி, அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே மைக்கை நிறுத்தினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரு முழுக்கச் சாப்பிட்டு உறங்கும் நேரத்தில் பொத்தானை அமுக்கினேன். பெட்டிகள் கீச்சிட்டன. அங்கே இல்லாத ஒரு காதுக்காக வீடு முழுவதும் ஒழுங்காயிற்று.

அவள் வந்தாள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அவள் வெளியே வந்தபோது நான் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தேன். மெலிந்திருந்தாள். கிழவியைத் தூக்கித் தூக்கி முதுகு கொஞ்சம் முன்னால் வளைந்திருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் தாழ்ந்த குரலில்தான் பேசினாள். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா வந்து பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போகும்போது, தொண்டை நோவா, கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். கதவை மூடினால் சத்தம் வராமல் மூடுவாள். கோப்பையைக் கழுவினால் சத்தம் கேட்காது. எனக்கு வீட்டில் ஒரு ஆள் இருப்பது போலவே இல்லை. திரும்பிப் பார்த்தால்தான் இருப்பாள்.

மூன்று நான்கு நாள் களைப்பு ஆறட்டும் என்று விட்டுவிட்டு, ஒரு பின்னேரம் அவளை முன்னறைக்குக் கூப்பிட்டேன். வெளியே நல்ல மழை. பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, தியேட்டர் மாதிரி" என்றாள். கதிரையில் உட்காரச் சொன்னேன்.

"நீங்க?"

"நான் இங்க ஒக்காந்துக்கிறேன்." குசினியிலிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து பின்பக்க வலது பெட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். அந்த இடத்தில் பாட்டு விளங்காது, ஒரு பெட்டியின் சத்தம் மட்டும்தான் காதை அடைக்கும். பரவாயில்லை, எனக்கு அவள் முகம் தெரிந்தால் போதும்.

கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தாள். சாய்ந்து உட்காரு என்றேன். சாய்ந்தாள், நான் ஆம்ப்ளிஃபயர் பக்கம் திரும்பிவிட்டு வருவதற்குள் மறுபடி விளிம்புக்கு வந்துவிட்டாள். இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். கால்களை நிலத்தில் ஊன்றி, கைகளை முழங்காலில் வைத்து, எந்த நேரமும் எழும்பத் தயாராக இருக்கிறவர்கள் உட்காருவது போலத்தான் அவளுக்கு உட்கார வந்தது. நான் அளந்து வைத்த இடம் அவளுக்குப் பின்னால், வெறுமையாக இருந்தது.

நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது பெண்கள் மட்டும் பாடும் ஒரு கூட்டுப் பாடல் ஆல்பம். பழைய கல் தேவாலயம் ஒன்றில் பதிவு செய்தது. வாத்தியம் கிடையாது. குரல்கள் ஒவ்வொன்றாக ஒவ்வொரு மூலையிலிருந்து எழும்பி, கூரையில் சேர்ந்து, மெல்ல இறங்கும். முதல் பாட்டுக்கு அவள் முகம் இளகியது. உதடு அசைந்தது, இரண்டாவது குரலைப் பிடித்துக்கொண்டு கூடவே போகிறாள் என்று தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். பலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

மூன்றாவது பாட்டில் எல்லாக் குரலும் ஓய்ந்து ஒரு மௌனம் வரும். பிறகு பின்பக்க இடது மூலையிலிருந்து ஒரு பெண், கொஞ்சம் வயதான குரல், இரண்டே அசையை நீட்டி, கேட்டும் கேட்காமலும் பாடுவாள். அந்த ஆல்பத்தில் எனக்கு ஆகப் பிடித்த இடம் அதுதான். இடது மூலைக்கு அடுத்தாற்போல் எங்கள் படுக்கையறை வாசல்.

அந்தக் குரல் வந்தது. என் மனைவி எழுந்தாள். எழுந்ததுகூடத் தெரியவில்லை, நான் பார்க்கும்போது படுக்கையறை வாசலில் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நின்றாள்.

"வெங்கோ, நொன்னா" என்றாள் உள்ளே பார்த்து.

உள்ளே இருட்டில் எங்கள் கட்டில் மட்டும் கிடந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பின்னால் பாட்டு போய்க்கொண்டிருந்தது. நான் எழும்பிப் போய் நிறுத்தினேன். மழைச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

திரும்பி வந்து, இந்தத் தடவை கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பைத்தியக்காரி மாதிரி இல்ல?"

"என்ன சொன்ன?"

"எப்ப?"

"இப்ப. வாசல்ல நின்னு."

"வெங்கோ நொன்னான்னேன். வர்றேன் பாட்டின்னு."

"பாட்டியா?"

"நொன்னான்னா அங்க பாட்டி. ஏன், ஒங்களுக்குத் தெரியாதா? எத்தன வருசமாச் சொல்றேன்."

"நோனான்னுதானே நீ சொன்ன?"

"நோனா இல்லங்க. நொன்னா. நம்ம ஊரு நோனாவ அங்க போயா நான் தேடப்போறேன்?"

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பஸ் பலகையில் தமிழ் பிழையாக எழுதியிருந்தால் அன்றைய நாளே எனக்குக் கெட்டுப்போகும். ஒரு புல்லாங்குழல்காரர் மூச்சிழுப்பதைக் கேட்பதற்காக வீட்டையே ஒழுங்கு பண்ணி வைத்திருப்பவன் நான். இத்தனை வருடமாக ஒற்றை மெய்யெழுத்தைத் தவறவிட்டிருக்கிறேன். எஜமானியிடமிருந்து அவளை மீட்டுக்கொண்டு வரலாம் என்று இருந்தேன். பாட்டியிடமிருந்து எப்படி மீட்பது?

அன்றைக்கு அவள் நிறையப் பேசினாள். அந்த இத்தாலிய அம்மாவுக்கு நினைவு தடுமாறிப்போய்விட்டதாம். மகன் வேறு ஊரில், பெருநாளுக்கு வருவாராம். என் மனைவியைத் தன் இறந்துபோன தங்கை என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாராம். கூப்பிட்ட உடனே வாசலில் முகம் தெரியாவிட்டால் அழத் தொடங்கிவிடுவாராம். சத்தம் போட்டுக் கூப்பிட அவருக்குத் தெம்பு இல்லை. அதனால் சமைக்கும்போதும், குளிக்கும்போதும், என்னோடு டெலிபோனில் பேசும்போதும், தூக்கத்தில்கூட ஒரு காதைப் பின்னால் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"இப்ப யாரு பாக்குறாங்க?"

"வேற ஒரு பிள்ளைய விட்டுட்டு வந்திருக்கேன். பாவம், அதுக்குப் பழக்கம் இல்ல." சொல்லிவிட்டு மழையைப் பார்த்தாள். நானும் மழையைப் பார்த்தேன். கேட்க வேண்டியதை அந்த நேரத்தில் கேட்டிருக்கலாம். தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டேன்.

அடுத்த நாள் அவளே, "பின்னால உள்ள ரெண்டையும் நிப்பாட்டிட்டுப் போடுங்க" என்றாள். முன்னால் இருக்கும் பெட்டிகளில் மட்டும் போட்டேன். கதிரையை ஓரமாகத் தள்ளிவிட்டு, சுவரோடு கிடந்த நீள மர வாங்கை நடுவுக்கு இழுத்து, அதில் இருவருமாக உட்கார்ந்தோம். பழைய படப் பாடல்களைக் கேட்டோம். சுற்றொலி இல்லை, ஒன்றுமில்லை, பஸ்ஸில் கேட்டதற்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அவள் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. எந்தப் பாட்டை எங்கே கேட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இருமல்காரர் ஆல்பத்தையும் ஒருநாள் போட்டேன். முன்பெட்டிகளில் அவர் இருமுவது கேட்காது. எனக்கு அது குறையாகப் படவில்லை.

அப்படிப் பல பின்னேரங்கள் போயின. இடையில் பன்விலவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய் வந்தாள். மேல்தட்டைக் கழுவினாள். அங்கே ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்க அளவெடுத்தாள். அளவெடுப்பதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. போகிறவள் திரைச்சீலைக்கு அளவெடுப்பாளா? இருக்கத்தான் போகிறாள், தானாகவே சொல்வாள், அவள் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன். திரைச்சீலையைத் தைத்து மாட்டினாள். பிறகு ஒருநாள் அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேஸை இறக்கித் தரச் சொன்னாள். இறக்கித் தந்தேன். கொண்டுபோக மாசிக் கருவாட்டுத் தூளும் கறிவேப்பிலையும் எங்கே வாங்குவது என்று கேட்டாள். நானே போய் வாங்கி வந்தேன். ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். எங்களுக்கு அதுவும் வரவில்லை.

போகும் நாள் காலையில் மழை இல்லை. எங்கள் வீடு சரிவில், ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. வாசலிலிருந்து படி ஏறித்தான் ரோட்டுக்குப் போக வேண்டும். மேலே வேன் வந்து நின்றது. நான் விமான நிலையத்துக்கு வரவேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள். அங்கே நின்று அழ முடியாது என்றாள். டிரைவர் இறங்கி வந்து சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு போனார். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள், என் கன்னத்தைத் தொட்டாள், படியேறத் தொடங்கினாள்.

வீட்டைவிட்டுக் கிளம்பியவரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. நாங்கள் வேதக்காரர், நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை, பல்லி சொல்வதைக் கேட்பதில்லை. ஆனால் இதை மட்டும் எங்களில் யாரும் மீறுவதில்லை. மறதியாகக் கூப்பிட்டுவிட்டால், போகிறவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் போகிற காரியம் விளங்காது என்பார்கள்.

அவள் பாதிப் படி ஏறியிருந்தாள். நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மறதியாக அல்ல, வேண்டுமென்றே, அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி கூப்பிட்டேன்.

நின்றாள். மேலே டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார். அவர் சிங்களவர், அவர்களிடமும் இந்த வழக்கம் இருக்கிறது போலும். அவள் இறங்கி வந்து, வாசலில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தாள். நான் உள்ளே போய்க் கிளாஸில் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தேன்.

"என்னங்க?" என்றாள்.

"போகாத."

அவள் கிளாஸை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"இத நீங்க நான் வந்த அன்னைக்கே கேட்டிருக்கலாமே" என்றாள். "இன்னைக்குக் கேப்பீங்க, நாளைக்குக் கேப்பீங்கன்னு தெனமும் பாத்துக்கிட்டு இருந்தேன். தெரச்சீல தச்சப்பகூடக் கேக்கல. சூட்கேஸ இறக்கித் தாங்கன்னப்பவும் இறக்கித்தானே தந்தீங்க? முந்தாநாள்தான் நான் அங்க போன் பண்ணி, வர்றேன்னு சொன்னேன்."

தண்ணீரை முழுவதும் குடித்தாள். கிளாஸை என் கையில் தந்துவிட்டுப் படியேறிப் போனாள்.